படகுக்காரனுக்கு ஒன்பது மதிப்பெண்

புதுக் கார்டு வருகிறது என்றால் யோகப்பிரியா முதலில் தரையைக் கூட்டுவாள். நல்லேப்பிள்ளியில் வயலை ஒட்டிய அவர்கள் வீட்டில் போன் ஒன்றுதான். அது பகலெல்லாம் அப்பா நஞ்சப்பனின் சட்டைப்பையில் இருக்கும். வாய்க்கால் தண்ணீர் இன்று யார் முறை, மடையை எப்போது திறப்பார்கள் என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆகவே பகலில் அவளுடைய ஆட்டம் தரையில்தான். தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஒவ்வொரு கார்டின் விலையையும் பலத்தையும் எழுதி வைத்திருந்தாள். வலது கை ஓர் ஆட்டக்காரி, இடது கை ஓர் ஆட்டக்காரி. இரண்டு கைக்கும் நியாயம் பார்த்தே ஆடுவாள்.

"தனக்குத் தானே சீட்டாடி, தனக்குத் தானே தோக்கறவள இப்பத்தான் பாக்கறேன்," என்பாள் அம்மா செல்லாத்தாள். "வாயத் தொறந்து நாலு சனத்தோட பேசு அம்மிணி. உன்ற சத்தம் கட்டுத்தறி எருமைக்கே கேக்கறதில்ல."

யோகப்பிரியா இடது கைக்கு அடுத்த தாளை எடுப்பாள். யாராவது போனில் அவளைக் கேட்டால்கூடத் தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லிவிடுமாறு அம்மாவிடம் சைகை காட்டுகிறவள் அவள்.

அவள் தாராளமாகப் பேசும் ஒரே ஆள் ஆர்த்தி. அதுவும் எழுத்தில்தான். ஆர்த்தி இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்துப் பெண். பக்கத்து மலையில் சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியில் படுக்கை விரிக்கிற வேலை. யோகப்பிரியாவைவிட இரண்டு வயது மூத்தவள். போனில் ஆடும் இந்தக் கார்டு விளையாட்டில்தான் இருவரும் அறிமுகமானார்கள். இரண்டு வருடமாகத் தினமும் எழுதிக்கொள்கிறார்கள். ஒருத்தி குரலை ஒருத்தி கேட்டதில்லை.

ஆட்டத்தில் ஆர்த்தி கை தேர்ந்தவள். கார்டை எடை போடுவதில் யோகப்பிரியா. முப்பது கார்டு சேர்ந்தது ஒரு டெக். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்பதில்தான் பாதி வெற்றி. புதுக் கார்டு அறிவித்ததும் யோகப்பிரியா தரையில் ஆடிப் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் எழுதி அனுப்புவாள். இதுவரை ஒருமுறைகூட அது பெரிதாகப் பிசகியதில்லை. ஆர்த்தி அந்த எண்ணைப் பார்ப்பாள், அதன்படி செய்வாள், ஏன் என்று கேட்க மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை அறிவித்த கார்டு ஒரு படகுக்காரன். கையில் விளக்கோடு நிற்கும் கிழவன். விலை ஐந்து, பலம் ஒன்று; சுற்றுக்குச் சுற்று கிடைக்கும் காசில் விலையைக் கட்டினால்தான் எந்தக் கார்டும் களத்தில் இறங்கும். ஆனால் அந்த ஆட்டத்தில் நம் பக்கம் விழுந்த ஒவ்வோர் ஆளுக்கும் அவனுக்கு ஒரு பலம் கூடும். யோகப்பிரியா வெள்ளி பகல் முழுதும் தரையில் உட்கார்ந்தாள். தாள் போதவில்லை. சிறிய ஆட்களுக்குத் தாள் வேண்டாம் என்று சமையலறையிலிருந்து புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வந்தாள். ஒரு கொட்டை ஒரு சின்ன ஆள். விழுந்தால் ஓரமாக ஒதுக்கினாள், வேண்டும்போது டப்பாவிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். ஐந்தாவது சுற்றில் படகுக்காரன் இறங்கும்போது அவன் பலம் பதினொன்று. அடுத்த ஆட்டத்தில் பன்னிரண்டு. இடது கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் எழுதினாள்: "ஒன்பது! ரெண்டு படகுக்காரன் வேணும். எறும்பை உடைச்சிடுங்க. அதுக்குப் பதிலா எந்தச் சின்ன கார்டு வெச்சாலும் போதும்."

புதுக் கார்டு செய்ய வேண்டுமானால் பழைய கார்டுகளை உடைத்துத் தூளாக்க வேண்டும். ஆர்த்தியிடம் எட்டு எறும்புக் கார்டுகள் இருந்தன. அவற்றை உடைத்தால் சரியாக இரண்டு படகுக்காரனுக்குத் தூள் தேறும். ஆனால் எறும்பைத் தூள் கொடுத்துத் திரும்பச் செய்துகொள்ள முடியாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, நன்றாக ஆடியவர்களுக்கு மட்டும் பரிசாக ஒன்று வரும். எட்டு எறும்பு என்றால் பதினாறு மாதம், ஒரு தடவைகூடச் சறுக்காமல். ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காக அவள் அவற்றைக் காத்து வைத்திருந்தாள். அதில் கடைசிப் பதினாறு பேருக்குள் வந்தால் கொச்சியில் மேடையில் உட்கார்ந்து ஆடலாம். ஆர்த்தி கடலைப் பார்த்ததில்லை.

"சரி. நாளைக்கு நாலு மணிக்கு வேலை முடிஞ்சதும் உடைச்சிடுறேன்," என்று பதில் வந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நஞ்சப்பன் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தார். யோகப்பிரியா போனை எடுத்துத் தன் கணக்கில் ஒரு படகுக்காரனைச் செய்து ஆடிப் பார்த்தாள். ஐந்தாவது சுற்றில் இறக்கினாள். பலம் மூன்று. தற்செயல் என்று நினைத்தாள். அடுத்ததில் நான்கு. மூன்றாவது ஆட்டத்தில் மறுபடி மூன்று.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புளியங்கொட்டைக்கு அவள் விலை போடவில்லை. கை நீட்டினால் கொட்டை வந்தது. விளையாட்டில் எந்தச் சின்ன கார்டுக்கும் ஒரு விலை உண்டு, எறும்பு ஒன்றைத் தவிர. எறும்பு மட்டும்தான் விலையில்லாமல் இறங்கி, இறங்கிய வேகத்தில் விழும். தரையில் படகுக்காரனை வளர்த்த கொட்டைகள் உண்மையில் எறும்புகள். எந்தக் கார்டை உடைக்கச் சொன்னாளோ, அதன் முதுகில்தான் அவன் ஏறி நின்றிருக்கிறான்.

மணி மூன்றேகால். "உடைக்காதீங்க" என்று மூன்று முறை எழுதினாள். மூன்றுக்கும் ஒற்றைக் குறிதான் விழுந்தது, போய்ச் சேரவில்லை. மலையில் ரேஞ்சு இல்லை. கூப்பிட்டாள், போகவில்லை. ஆர்த்தி எப்போதோ அவசரத்துக்கென்று அனுப்பியிருந்த அவள் அம்மாவின் எண் நினைவுக்கு வந்தது. அது வேறு கம்பெனி சிம், கிடைக்கலாம்.

எண்ணைத் தேடி எடுத்து, அதைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் நின்றாள். பிறகு கொல்லைப்புறம் போய் அழுத்தினாள்.

"யாரு?" பின்னால் ஒரே இரைச்சல்.

"நானுங்க..."

"நானுன்னா யாருத்தா? சத்தமாப் பேசு, கொழுந்து நிறுக்குற எடத்துல நிக்கிறேன்."

"நல்லேப்பிள்ளியில இருந்துங்க. யோகப்பிரியா. ஆர்த்தியக்காவோட வெளையாடறவளுங்க. அக்கா கிட்ட எறும்ப உடைக்க வேண்டாம்னு சொல்லோணுங்க."

"எத?"

"எறும்புங்க."

"ஏத்தா, எறும்ப யாராச்சும் உடைப்பாங்களா? நசுக்கத்தான செய்வாங்க!" ஆர்த்தியின் அம்மா குருவம்மாள் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரிப்பது கேட்டது. "வெளையாட்டுத்தான? பொழுதுசாய வீட்டுக்கு வருவா, சொல்லிக்கிறேன்."

"பொழுதுசாய ஆனா போயிருமுங்கம்மா." யோகப்பிரியாவின் குரல் உடைந்தது. "பதினாறு மாசம் சேத்து வெச்சதுங்க. நான் சொன்னதுனால தானுங்க உடைக்கப் போறாங்க. நான் சொன்னது தப்புங்க."



"அழுவாத. லைன வையி," என்றாள் குருவம்மாள். பிறகு வேறு பக்கம் திரும்பி, "மொக்கையண்ணே, என் சாக்கையும் தூக்கித் தராசுல போடுங்க. நான் லாட்ஜ் வரைக்கும் ஓடிட்டு வந்துர்றேன்," என்று கத்துவது கேட்டது.

நஞ்சப்பன் எழுந்து வந்து போனுக்குக் கை நீட்டினார். "மடைக்காரன் கூப்புடுவான், கொண்டா."

"ஒரு போன் வரோணுங்கப்பா. அது வரைக்கும் தர மாட்டேனுங்க."

"உனக்கா? போனா?" அவர் செல்லாத்தாளைப் பார்த்தார். அவள் பால் சொம்போடு அப்படியே நின்றாள். நஞ்சப்பன் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

நாலு மணிக்கு முன்பே மணி அடித்தது.

"பிரியாவா?" அவள் நினைத்திருந்ததைவிடக் கனத்த குரல். "அம்மா மூச்சு வாங்க வந்து நிக்குது. எறும்பு, எறும்புங்குது, வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

"உடைச்சிட்டீங்களாக்கா?"

"மத்தியானம் சோத்துக்கு உக்காந்தப்பவே உடைச்சிட்டேன். லாட்ஜ் வைஃபை கெடச்சுது, நாலு மணி வரைக்கும் பொறுக்க முடியல."

யோகப்பிரியா சுவரோடு உட்கார்ந்தாள். கொட்டை, தரை, மூன்று ஆட்டம், எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் குறைத்துச் சொல்லவில்லை.

"எட்டும் போச்சு," என்றாள் ஆர்த்தி கடைசியில். "சரி, நாளைக்கு என்ன வைக்கிறது? சொல்லு."

"இனி நான் சொல்லக் கூடாதுங்கக்கா."

"உடைக்கச் சொன்னவதான் கட்டவும் சொல்லணும். சொல்லு."

குருவம்மாளின் போனில் சார்ஜ் தீரும்வரை இருவரும் பேசினார்கள். இருக்கிறவற்றில் விலை குறைந்ததைப் பொறுக்கினார்கள். தன் ஆளைத் தானே பலி கொடுக்கும் கார்டு ஒன்றை ஆர்த்தி நினைவுபடுத்தினாள். யோகப்பிரியா வாய்விட்டுக் கூட்டிக் கழித்தாள். ஏழாவது சுற்றில் படகுக்காரனுக்கு ஆறு வரும், அதற்குமேல் வராது என்று சொன்னாள். ஆறு போதுமா என்று ஆர்த்தி கேட்டாள். போதாது என்றுதான் நினைக்கிறேன் என்றாள் யோகப்பிரியா.

போதவில்லை. ஞாயிறு போட்டியின் மூன்றாவது ஆட்டத்தில், எதிரி இறக்கிய சுவர்க் கார்டுக்குப் பலம் ஏழு இருந்தது. ஆர்த்தி ஒரு படம் மட்டும் அனுப்பினாள். சுவரின் முன்னால் விளக்கோடு நிற்கும் கிழவன், பலம் ஆறு. கீழே ஒரு வார்த்தைகூட இல்லை. திங்களும் எழுதவில்லை. யோகப்பிரியா எழுதி எழுதி அழித்தாள். 'மன்னிச்சிருங்க' என்று எழுதுவது எளிதாக இருந்தது, அதனாலேயே அனுப்பவில்லை.

செவ்வாய் மத்தியானம் குருவம்மாளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. நஞ்சப்பன் போனை நீட்டினார். "உனக்குத்தான் அம்மிணி. மலைக்கார புள்ள."

"கோவம் இருந்துச்சு," என்றாள் ஆர்த்தி, எடுத்த எடுப்பில். "இப்பவும் இருக்கு. ராத்திரிக்கு மூணு ஆட்டம்னு பதினாறு மாசம், பிரியா. கையெல்லாம் சோப்புத் தண்ணி வாடையோட ஆடுனது."

"தெரியுமுங்கக்கா."

"அன்னைக்கு நீ ஆறுக்கு மேல வராதுன்னப்ப உன் குரல் இழுத்துச்சு. தோக்கத்தான் போறேன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டுத்தான் போனேன், அதனால அழுவல. ஆனா நீ எழுதி அனுப்புன ஒன்பதுல ஒரு இழுப்பும் இல்ல. கூட ஒரு ஆச்சரியக்குறி வேற."

யோகப்பிரியா போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"அடுத்த மாசம் இன்னொரு கார்டு வருதாம். மார்க் எழுதி அனுப்பாத. பேசு."

"என்ற குரலு எப்பவுமே நடுங்குமுங்கக்கா."

"எங்க நடுங்குது, எங்க நடுங்கலன்னு பாத்து நானே முடிவு பண்ணிக்கிறேன். தப்பா இருந்தாலும் அது என் தப்பா இருக்கட்டும். சரியா?"

யோகப்பிரியா தலையாட்டினாள். தலையாட்டினால் மலையில் யாருக்கும் தெரியாது என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. வாயைத் திறந்து, "சரிங்கக்கா," என்றாள்.