உட்காரட்டும்

ஆஸ்பத்திரிப் பையிலிருந்து துண்டையும் செருப்பையும் அவள் எடுத்து வெளியே வைத்தபோது, அடியில் கிடந்த கணவரின் டேப்லெட் கணினி விசில் ஊதியது. கூடத்தில் வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மகன் திரும்பிப் பார்த்தான். அவரை அடக்கம் செய்துவிட்டு இப்போதுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். அதற்குள் அவருடைய அணிக்கு அடுத்த ஆட்டமாம்.

லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் வாழ்நாளில் பந்தை உதைத்தவரில்லை. டேப்லெட்டில் ஆடும் இந்தக் கால்பந்து விளையாட்டில் உதைக்கவும் வேண்டாம். இதில் அவர் மேனேஜர். யாரை வாங்குவது, யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது எல்லாம் அவர் பாடு. தோற்றால் முன்பு சேமித்த இடத்துக்குப் போய் மறுபடி ஆடலாம். மகன் அப்படித்தான் ஆடுவான். எந்தக் கோப்பையையும் விட்டுவைத்ததில்லை. அவர் மட்டும் மாட்டேன் என்பார். "என்ன வேணா பண்ணலாம்டா. பண்ணினதை வச்சுக்கணும்." இந்தக் கொள்கையால் அவருடைய அணி வருஷா வருஷம் கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் மயிரிழையில்தான் தப்பித்துக்கொண்டிருந்தது.

"ஆஃப் பண்ணிடவாம்மா?"

"இரு. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்." அவள் தரையிலேயே உட்கார்ந்தாள்.

முந்தாநாள் ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஆள் வந்தபோது, அவர் டேப்லெட்டை அவள் மடியில் வைத்தார். "கடைசி ஆட்டம். டிரா ஆனாலே போதும். நீ ஆடு."

"எனக்கு என்ன தெரியும்?"

"யாரை வேணா இறக்கு. உன் இஷ்டம்."

கோல்கீப்பர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு இருந்தது. களைத்துப்போயிருக்கிறான் என்று அர்த்தம். அவனை அவர் கிழவன் என்றுதான் சொல்வார். ஒரு ஆட்டத்திலும் உட்கார வைத்ததில்லை. அவளுக்கு மனசு கேட்கவில்லை. சக்கர நாற்காலியில் போன மனிதரும் அப்படித்தான் கண்ணெல்லாம் உள்ளே போய் இருந்தார். பாவம், உட்காரட்டும் என்று கிழவனை எடுத்துவிட்டு, அதுவரை ஆடவே ஆடாத பொடியனைப் போட்டாள். பொடியன் நாலு கோல் விட்டான். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது.

"வந்ததும் கேட்டார். தப்பிச்சிட்டோம்னு சொல்லிட்டேன். உனக்கா தெரியாதுன்னு சிரிச்சார். அப்புறம் கண்ணை மூடிக்கிட்டார். நானும் நாற்காலியிலேயே அசந்துட்டேன். விடிஞ்சு பார்த்தா..." அவள் நிறுத்தினாள். "கடைசியா அவர்கிட்ட பேசினது பொய்டா."

அத்தனை பேர் வந்து கட்டிக்கொண்டபோதெல்லாம் வராத அழுகை இப்போது வந்தது. மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்புறம் டேப்லெட்டை எடுத்தான்.

"ஆட்டத்துக்கு முன்னாடி போயிடலாம்மா. கிழவனைப் போட்டு, டிரா ஆகிற வரைக்கும் ஆடித் தர்றேன். நீ சொன்னது பொய்யா இருக்காது."

அவருக்குப் பிடிக்காது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான், "சரி, பண்ணு" என்றாள்.

அவன் விரல் மேலும் கீழும் போய், நின்றுவிட்டது. "முடியாதும்மா. இது அடுத்த சீசன். கீழ்ப் பிரிவுல ஆரம்பிச்சிருக்கு. அப்பாதான் பழையது அழியற மாதிரி அது மேலேயே சேமிச்சு வச்சிருக்கார்."

"எப்ப?"

"நீ தூங்கினப்பதான் இருக்கணும்."

அப்படியானால் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு அவளை எழுப்பாமல் இருந்திருக்கிறார். அவள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள். களத்தில் இறங்கும் பதினொரு பேரில் முதல் பெயர் பொடியனுடையது. பக்கத்தில் சின்னதாய் ஒரு மஞ்சள் பட்டை.

"இது என்னடா?"

"கேப்டன்மா." அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான். "நாலு கோல் விட்டவனைப் போய் கேப்டனாக்கியிருக்கார் பாரு உன் புருஷன்."

அவன் சிரிக்கப் பார்த்தான்; குரல் உடைந்துவிட்டது. அவள் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

கீழே, ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களோடு கிழவனும் இருந்தான். சிவப்பு போய், கோடு முழுக்கப் பச்சையாக இருந்தது.

"இவன் இப்ப தெம்பா இருக்கான். இறக்கட்டுமா?"

"வேண்டாம், உட்காரட்டும்" என்றாள்.

மகன் டேப்லெட்டை அவள் மடியில் வைத்துவிட்டு மிச்ச நாற்காலிகளை அடுக்கப் போனான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குப் பின்னால் விசில் சத்தம் கேட்டது.