இரண்டு கிரெடிட் மறதி

“எத்தனை கிரெடிட்னு அப்புறம் பாக்கலாம். கேள்வி என்ன?” என்றார் தத்துவப் பேராசிரியர்.

அவள் விழித்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தவளிடம் கேள்வி என்று எதுவும் இல்லை. பட்டம் வாங்க இரண்டு கிரெடிட் குறை மட்டும்தான் இருந்தது. கல்யாணம், குழந்தை, வேலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து குந்திக்கொண்டதில், கடைசிப் பருவத்தில் விட்ட பட்டப்படிப்பு எட்டு வருஷமாக அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பருவத்துக்குள் முடிக்காவிட்டால் முன்பு படித்ததெல்லாம் செல்லாது என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். கடை நேரத்துக்கு ஒத்துவருகிற வகுப்போ ஒன்றுகூடக் கிடையாது. தத்துவத் துறையில் மட்டும் தனிப்பாடம் என்று ஒன்று இருந்தது. வகுப்பே இல்லை. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு வாரம் ஒருமுறை பேராசிரியரோடு மல்லுக்கட்ட வேண்டும், கடைசியில் கட்டுரை எழுதி வாய்மொழித் தேர்வில் நிற்க வேண்டும். உழைப்பைப் பார்த்து ஒன்றிலிருந்து நான்கு கிரெடிட் வரை போடுவார்கள். ஆளை விட்டால் போதும் என்றிருந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

“ஏதாவது ஒரு கேள்வியை நீங்களே குடுத்துடுங்க சார்.”

“என் கேள்விக்கு நான்தான் படிக்கணும். உங்களைத் தூங்க விடாம பண்றது என்ன?”

“என் வீட்டுக்காரர்தான்” என்று வாய் தவறி வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை, மேலே சொல்லுங்கள் என்பதுபோல நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். அப்புறம் என்ன, மடை திறந்த மாதிரிதான். ஊரிலிருந்து வந்த அம்மாவை ஸ்டேஷனில் போய் அழைத்து வருவதாக அவள் கணவன் வாக்குக் கொடுத்திருந்தான். அவனுக்கு பேக்கரியில் வேலை. மாவைப் பிசைந்தவன் மாமியாரை மறந்தே போனான். இரண்டு பைகளோடு அம்மா மணிக்கணக்கில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று ஞாபகம் வந்து முகமெல்லாம் மாவோடு, போட்ட ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் ஓடியிருக்கிறான்.

“கேட்டா, வாக்கை நான் மீறல, மறந்துதான் போனேன்ங்கறார். மறந்தாலும் மீறினது மீறினதுதானே சார்?”

“ஆனா...” என்றார் பேராசிரியர். மாணவர்கள் இவருக்கு ஆனா சார் என்று பெயர் வைத்திருப்பது ஏன் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. “மீறணும்னா, மீறறோம்னு தெரியணும் இல்லையா? கண்ணுக்கே தெரியாத வேலியை ஒருத்தன் தாண்டினான்னு எப்படிச் சொல்றது?”

“அப்ப எங்கம்மா உக்காந்திருந்தது?”

“அது வேற கேள்வி. அதுக்கு இன்னொரு கிரெடிட் ஆகும்.”

மறந்தவன் வாக்கை மீறியவனே என்று நிறுவப்போவதாகப் பதிந்துகொண்டாள். இரண்டு கிரெடிட். எதிர்க்கட்சி ஆனா சார்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாள். நடந்ததே வேறு. அந்த அறையில் ஜன்னல் சரியாக மூடாது, புத்தகங்களை இறக்கி வைத்தால்தான் உட்கார நாற்காலி கிடைக்கும். அங்கே போய் உட்கார்ந்ததுமே அவளுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷமாக அவளிடம் எல்லோரும் கேட்டது விலை என்ன, எப்போது ரெடியாகும், சாப்பாடு ஆச்சா என்பதைத்தான். ஏன் அப்படி நினைக்கிறீர்கள் என்று யார் கேட்டார்கள்? பஸ்ஸில் படித்தாள். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தாள். கடையில் எழுத்துப் பலகையைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்த வாடிக்கையாளரிடம், “மறந்து போறதை ஒரு செயல்னு சொல்லுவீங்களா?” என்று கேட்டுவைத்தாள். அந்த மனிதர் அதுவும் பரிசோதனையில் சேர்த்தி என்று நினைத்து, “கொஞ்சம் மங்கலாத் தெரியுது” என்றார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார்.

“ஊர்ல அவனவன் சண்டையை அக்கம்பக்கத்தோட நிறுத்திக்கறான். நீ யூனிவர்சிட்டி வரைக்கும் இழுத்துட்டியே!” என்று புலம்பினான் கணவன். ஆனாலும் அவளுடைய பேராசிரியர் சந்திப்பு நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓட்டமாக வந்துவிடுவான். அம்மா போனில், “எனக்கு அங்க நல்லாத்தான் பொழுது போச்சு. பக்கத்துல இருந்தவங்க பையன் கல்யாணக் கதை பூராவும் கேட்டேன். மாப்பிள்ளையை ஏன்டி இந்தப் பாடு படுத்தற?” என்றாள்.

“நீ சும்மா இரும்மா. நீ என் கட்டுரைக்கு ஆதாரம்.”

பருவத்தின் நடுவில் ஒருநாள் ஆனா சார் அறை பூட்டியிருந்தது. அவள் வராந்தாவில் காத்திருந்தாள், உட்கார்ந்தாள், எழுந்து நடந்தாள். வெகுநேரம் கழித்து அவர் மாடியேறி வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. “மறந்துட்டேன்ம்மா” என்றார். ‘ஆனா’ வரவேயில்லை. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது நிஜம். ஆனால் படியில் இடறி, கையிலிருந்த காகிதங்கள் சிதற, அவற்றைப் பொறுக்காமல்கூட அவளை நோக்கி வந்த அந்த வேகத்தைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

கட்டுரையின் முடிவுரையைத் தன்னிடம் காட்ட வேண்டாம், தேர்வில்தான் முதன்முதலாகக் கேட்பேன், அப்போதுதான் எதிர்வாதம் சூடாக இருக்கும் என்று அவர் சொல்லிவிட்டார். வந்ததே வினை.

தேர்வு நடத்த உட்கார்ந்தவர் துறைத் தலைவி. அந்த அம்மாள் புன்னகைத்து யாரும் பார்த்ததில்லை என்று பேச்சு. இங்கே சறுக்கினால் முன்பு படித்ததெல்லாம் தண்ணீரில் போட்ட மாதிரி. அவள் கட்டுரையை விரித்துவைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

“வாக்கை மறந்தவர் அதை மீறினவர் இல்லை மேடம். மீறினவருக்கு ஞாபகம் வந்தா ஒளிஞ்சுக்குவார். மறந்தவருக்கு ஞாபகம் வந்தா விழுந்தடிச்சுக்கிட்டு வருவார். அப்படி வர்றாருன்னா வாக்கு உயிரோட இருக்குன்னுதானே அர்த்தம்?”

ஆனா சார் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். “ஐயோ, நான் உங்க கட்சிக்கு வந்துட்டேனே!”

“என்னது?” என்றார் தலைவி.

“நான் மதியச் சாப்பாட்டை ஒருநாளும் மறந்ததில்லை மேடம். சதுரங்கம் ஆடப் போறதை மறந்ததில்லை. இவங்களை மறந்தேன். மறதி ஆள் பாத்துத்தான் வருது. அதனால மறந்ததும் மீறினதுதான். இன்னிக்கு இவங்க முன்னாடி தோல்வியை ஒத்துக்கலாம்னு வந்தேன்!”

“நீங்க ஒத்துக்கக் கூடாது சார்,” என்றாள் அவள் பதறிப்போய். “நீங்க சொன்ன வேலிதான் சரி.”

“வேலியாவது ஒண்ணாவது! உங்கம்மா அங்க உக்காந்திருந்தாங்களே!”

“அவங்களே பரவாயில்லைன்னுட்டாங்க சார்!”

தலைவி மேசையைத் தட்டினார். இருவரும் கப்சிப். “நிறுவறேன்னு பதிஞ்சது ஒண்ணு, இப்ப பேசறது அதுக்கு நேர்மாறு. இதுக்கு நான் எப்படி மார்க் போடறது?”

அவ்வளவுதான், போச்சு என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்தபோது வந்தது பயமில்லை, ரோஷம்.

“படிச்சதாலதான் மேடம் மாறிச்சு. மாறவே கூடாதுன்னா எதுக்குப் படிக்கணும்? வந்த அன்னிக்கே கையெழுத்து வாங்கிட்டுப் போயிருப்பேனே.”

தலைவி அவளையே பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “உங்க வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்துச்சு, ஓடினார், சரி. ஞாபகமே வராமப் போயிருந்தா?”

அவள் ஆனா சாரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியல மேடம்” என்றாள். சொல்லும்போதே அவளுக்கு ஏனோ சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது.

“எனக்கும் தெரியல” என்றார் தலைவி. புன்னகைத்ததே இல்லை என்ற பேச்சு பொய்யாகிவிட்டது, அந்த அம்மாளுக்குப் பல்வரிசை நன்றாகவே இருந்தது. “ரெண்டு கிரெடிட் இதுக்குக் காணாது. மூணு போடறேன்.”

“எனக்கு ரெண்டுதான் மேடம் குறை. மிச்சம் ஒண்ணை என்ன பண்றது?”

“வச்சுக்கோங்க. கெட்டுப்போகாது.”

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். கண்ணீர் விரலிடுக்கில் வழிந்தது. ஆனந்தம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. ஆனா சார் கைக்குட்டையைத் தேடிக் கிடைக்காமல், மேசை துடைக்கிற துணியை நீட்டினார்.

கட்டிடத்தைப் பூட்ட ஆள் வந்துவிட்டதால் மூவரும் ஒன்றாகவே கீழே இறங்கி, வாசலுக்கு எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்துக்கு வந்தார்கள். எல்லாம் முடிந்துவிட்டது. இனி இந்தப் படிகளில் ஏற வேண்டியதில்லை, வீட்டுக்குப் போய்ச் செய்தி சொல்ல வேண்டியதுதான் பாக்கி. “அந்தக் கேள்வி இருக்கே, மேடம்” என்றாள் அவள். “ஞாபகமே வராமப் போனா, வாக்கை வாங்கினவங்க ஞாபகத்துல அது இருக்கும் இல்லையா? அது யாரோட வாக்கு அப்ப?”

“ஆனா!” என்று ஆனா சார் கையை உயரத் தூக்கினார்.

கையைப் பார்த்து பஸ் வந்து நின்றது. கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அவளுக்கு வேண்டிய பஸ்தான், உட்காரக்கூட இடமிருந்தது. அவள், “ஒரு நிமிஷம் சார், நான் முடிச்சுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தலைவி இரண்டு பேரையும் கையமர்த்தி நடுவில் புகப் பார்த்தார். ஓட்டுநர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார், ஹாரன் அடித்தார், கொஞ்சம் பொறுத்தார். பிறகு கதவை மூடிக்கொண்டு கிளம்பினார். ஆனா சார் தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை.