பிள்ளைக்கு அடியில் ஒரு புத்தகம்

பிள்ளை விழித்திருந்தால் ஜீவராணிக்குக் கை ஒழியாது. பிள்ளை தூங்கினால் கை ஒழியும். ஆனால் அப்போது புத்தகம் பிள்ளைக்கு அடியில் இருக்கும்.

அதை அங்கே வைத்தவள் மாமியார் அழகம்மா. அப்பன் உடுத்திய பழைய சாரத்தில்தான் பிறந்த பிள்ளையைப் படுக்க வைப்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். அப்பன் வாசனை இருந்தால் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிடாது என்பார்கள். ஜீவராணியின் புருஷன் வினோஜனின் சாரங்களோ கருமாதியன்றே ஆற்றோடு போய்விட்டன. கொழும்பில் அவன் வேலை பார்த்த கடையிலிருந்து ஒரு பை மட்டும் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரு சீப்பு, ஒரு சார்ஜர், சிவப்பு அட்டை போட்ட ஒரு கதைப் புத்தகம். டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவன் கடையில் விட்டுப்போன சாமான்கள். ஜீவராணி அப்போது எட்டு மாதம்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று அழகம்மா, காற்றுக் கறுப்பு அண்டாமல் இருக்கக் கால்மாட்டில் தேயிலைச் செடி வெட்டும் பழைய கவ்வாத்துக் கத்தியொன்றை வைத்தாள். பிறகு புத்தகத்தை எடுத்து மடித்த போர்வைக்கு அடியில் செருகினாள்.

“அவன் கை பட்டதுன்னு இதுதான் மிச்சம். எடுத்துறாத புள்ள.”

“சீப்பு இருக்கே, மாமி.”

“சீப்பு மேலயா புள்ளையப் போடச் சொல்ற?”

ஜீவராணி போர்வையைச் சரிசெய்தாள். அழகம்மா விடவில்லை.

“அதோட, பச்ச ஒடம்புக்காரி எழுத்தப் பாத்தா கண்ணு மங்கிரும். முப்பது நாள் முடியட்டும்.”

அது வினோஜன் கொழும்பில் நடைபாதைக் கடையொன்றில் வாங்கிய புத்தகம். காணாமல் போன மாட்டைத் தேடி ஊர் ஊராக நடக்கும் ஒரு பெண்ணின் கதை. லீவில் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து அவன் சத்தமாக வாசிப்பான். ஜீவராணி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுவரில் சாய்ந்து கேட்பாள். ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் போகக் கூடாது என்று இருவருக்கும் பேச்சு. கடைசியாக வாசித்தது அந்தப் பெண் ஆற்றங்கரையில் ஓடத்துக்குக் காத்திருக்கும் இடம்.

பை வந்த அன்றே அவள் புரட்டிப் பார்த்துவிட்டாள். பக்கத்தின் மூலை மடிந்திருந்தது ஆற்றங்கரையில் அல்ல. அதைத் தாண்டி வெகுதூரத்தில். அவளுக்குத் தெரியாமல் கடையில் இருந்தே வாசித்திருக்கிறான். கள்ளன். சாவு வீட்டில் அதைச் சொல்லிச் சிரிக்கவும் முடியவில்லை, கோபிக்கவும் ஆளில்லை. அவன் எதுவரை போனானோ அதுவரையாவது தானும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டாள். அதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது.

அழகம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனபின் வீட்டில் அவளும் பிள்ளையும்தான். ஒருநாள், பிள்ளை நன்றாகத் தூங்குகிற நேரம் பார்த்து, போர்வைக்கு அடியில் கையை விட்டு மெதுவாகப் புத்தகத்தை இழுத்தாள். பிள்ளை வீறிட்டது. மறுநாளும் அதே கதை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பிரியந்தி, துணி காயப்போட வந்தவள், எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டி, புள்ளையக் கிள்ளி விடுறியா?”

“இல்லக்கா, புத்தகத்த எடுத்தேன்.”

“பெத்து ரெண்டு வாரம் ஆகல, பரீட்சைக்கா போகப்போற? புள்ள தூங்கும்போது நீயும் தூங்கித் தொலையேன்.”

தூங்கலாம்தான். ஆனால் கண்ணை மூடினால் அந்தப் பெண் ஆற்றங்கரையிலேயே நின்றாள்.

புத்தகத்தை உருவும்போது போர்வையில் பள்ளம் விழுகிறது என்று ஜீவராணிக்குத் தோன்றியது. தகரப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய பத்தாம் ஆண்டு விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்தாள். கனம் ஏறக்குறைய ஒன்றுதான். மறுமுறை பிள்ளையைப் படுக்க வைக்கும்போது பச்சை அட்டைப் புத்தகம் அடியில் போயிற்று. சிவப்பு அட்டை அவள் கைக்கு வந்தது.

பிள்ளை தூங்கியது. உதட்டைச் சப்பிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, முன்பு தூங்கிய மாதிரியே தூங்கியது. ஜீவராணி கொஞ்ச நேரம் வாசிக்கவில்லை. எழும்பி அழுதுவிடாதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அழவில்லை. பிறகு அவள் ஆற்றங்கரைப் பக்கத்தை எடுத்தாள்.

ஒரு நாளைக்கு இரண்டு பக்கம், மூன்று பக்கம் என்று போயிற்று. பாலில் நனைந்த பக்கங்களை அடுப்படியில் காயவைத்தாள். ஓடம் வந்தது, சந்தை வந்தது, மாட்டு வியாபாரி ஒருவன் பொய் சொன்னான். மடிப்பு இருந்த பக்கத்துக்கு வந்தபோது புத்தகத்தை மூடினாள். அடுத்த பக்கத்தை அவன் பார்த்ததில்லை.

அன்று பகல் சாப்பாட்டுக்கு வந்த அழகம்மா, பிள்ளையைத் தூக்கியபோது போர்வை விலகியது.

“இது பச்சையா இருக்கே. அவனோடது செவப்புல்ல?”

“என்னோடதுங்க, மாமி. பள்ளிக்கூடப் புத்தகம்.”

“எத்தன நாளா?”

“முப்பது கழிஞ்ச மறுநாள்லருந்து.”

அது பொய். அழகம்மா அதைப் பிடிக்கவில்லை, அல்லது விட்டுவிட்டாள்.

“திடுக்கிட்டாளா?”

“இல்லீங்க.”

அழகம்மா பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மடியில் போட்டுக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

“சரி, மாடு கெடச்சுச்சா?”

ஜீவராணி நிமிர்ந்தாள்.

“எந்த மாடு?”

“நல்லா கேட்ட. அவன் கத்திக் கத்திப் படிச்சா அடுப்படிக்குக் கேக்காதா? அந்தப் பொம்பள ஆத்துக்கிட்ட நிக்கிறா. அதோட நின்னுபோச்சு.”

“அவங்க அதுக்கு மேலயும் படிச்சிருக்காங்க, மாமி. எனக்குச் சொல்லாம.”

“அவன் அப்பன் புத்தி. கறி வெந்துச்சான்னு பாக்கப் போறவன் சட்டிய வழிச்சுட்டு வருவான்.” அழகம்மா சிரித்தாள். மகன் போனபின் அவள் சிரித்ததை ஜீவராணி அன்றுதான் பார்த்தாள். “படி. புள்ள என்கிட்ட இருக்கட்டும். பின்னேரம் மலைக்குப் போகல.”

ஆற்றங்கரையிலிருந்து ஜீவராணி சத்தமாக வாசித்தாள். பிள்ளை பாட்டியின் மடியில் விழித்துக்கொண்டே கிடந்தது. மடிப்பு வந்தபோது ஜீவராணியின் குரல் நின்றது.

“ஏன்?”

“அவங்க இதுவரைக்கும்தான்.”

“மாடு இன்னும் வரலியே. படி.”

படித்தாள். மாடு கிடைத்தது. தூரத்து ஊரில், இன்னொருவர் தொழுவத்தில், கன்று ஈன்று நின்றது. தேடி வந்தவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு குனிந்து புல்லைத் தின்றது. அவள் வெறுங்கையோடு வந்த வழியே திரும்பினாள். அதோடு புத்தகம் முடிந்தது.

அழகம்மா புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

“எழுதுனவன் மாடே வளத்திருக்க மாட்டான்.” மடியைப் பார்த்தாள். பிள்ளை எப்போதோ தூங்கிவிட்டிருந்தது. “நல்லவேள, அவன் இதப் படிக்கல.”

ஜீவராணி எழுந்து சிவப்பு அட்டைப் புத்தகத்தைப் போர்வைக்கு அடியில் வைக்கக் குனிந்தாள். அழகம்மா அவள் கையைத் தடுத்து, பச்சை அட்டையையே உள்ளே தள்ளிப் பிள்ளையைக் கிடத்தினாள்.

“அது கையிலயே இருக்கட்டும். நாளைக்கு மொதல்லருந்து படி. அவன் மடிச்ச எடத்துல நிப்பாட்டிருவோம்.”