உரிமை ஏடும் உடைந்த பல்லும்

பெருங்கடலின் மேற்குக் கரையில், கருங்கற்பாறைகளின் இடுக்கில் அலை புகுந்து நுரைத்து மீளும் சிறு வளைகுடா ஒன்றை அணைத்தபடி, ஊசியிலைக் காடு பின்புறம் கறுத்து நிற்க, மீன் உலர்த்தும் பரண்கள் முன்புறம் வெளுத்துக் கிடக்க, அமைந்திருந்தது எங்கள் ஆர்டன் துறை. கூதிர்காலத்து முதற்பனி கூரைப் பலகைகளில் படிந்து இளவெயிலில் உருகிச் சொட்டிக்கொண்டிருந்த காலைப்பொழுதில், பறையொலி கேட்டு ஊரார் அவைமனையில் நிறைந்தனர். ஆடவர் வலப்புறமும் மகளிர் இடப்புறமும் அமர, ஊழியர்கள் வழக்கம்போலக் கதவோரம் நின்றனர். கற்றறிந்த பெரியீர், அன்று அங்கே நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் முன்னோர் இக்கரையில் இறங்கிக் காடு திருத்திக் குடியேறிய சில ஆண்டுகளுக்குள், ஆள்பவன் தன் மனம்போனபடி ஆளலாகாது என்று துணிந்து, மக்களின் உரிமைகளை ஒவ்வொன்றாக எழுதி ஏடாக்கி வைத்தனர். குடிகளின் ஒப்புதலின்றி எவன் பொருளையும் பறித்தல் இல்லை என்றது அவ்வேடு. வீட்டுத் தலைவன் தன் ஊழியரை அடித்துப் பல்லையோ கண்ணையோ போக்கினால் அவ்வூழியர்க்கு விடுதலை என்றும், கொடுமை தாங்காது ஓடிவந்தவரை எந்தக் குடிமகனும் தன் மனையில் காக்கலாம் என்றும் அதுவே சொன்னது. ஆண்டுதோறும் அவையில் அதை உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். அரசு என்றால் என்ன என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டால், கடலுக்கப்பால் இருக்கும் மன்னனைச் சொல்லமாட்டார்கள். அந்த ஏட்டைத்தான் சொல்வார்கள். ஆனால் வாசித்த பெரியவர்கள் ஒன்றை மறந்துபோனார்கள். கதவோரம் நின்றவர்களுக்கும் காது இருந்தது.

அவ்வாண்டு மன்னன் புதிய ஆளுநன் ஒருவனை அனுப்பியிருந்தான். வந்தவன், எங்களை நாங்களே ஆண்டுகொள்ள முன்னை மன்னர் எழுதித் தந்த பழைய பட்டயத்தை நீக்கி, ஊர்கள் கூடிய பேரவையைக் கலைத்து, எவரையும் கேளாமல் வரி விதித்து, அதைத் திரட்ட ஊருக்கு ஓர் ஆளைத் தேர்ந்து தருக என்று ஆணையிட்டான். கேட்டீர்களா அநியாயத்தை! தன் வீட்டைக் கொள்ளையிடத் தானே ஆள் தேடித்தர வேண்டுமாம்.

அதை எதிர்க்க எழுந்தவர் எசேக்கியா தோர்ப். கருவாட்டு வணிகத்தில் செழித்தவர், ஊர்ப்பெரியவர்களுள் முதல்வர், வாய் திறந்தால் கல்லும் கசியும். அவருடைய வீட்டு ஊழியப் பெண் தாமார். கடலுக்கப்பால் பிரிஸ்டல் துறையிலிருந்து கப்பற்கூலிக்கு ஈடாக ஏழாண்டு உழைப்பை எழுதிக்கொடுத்து வந்து, நான்காண்டுகள் கழித்திருந்தவள். அவைக்கு முந்தின நாள், குழம்பு அடிப்பிடித்தது என்பதற்காக, அடுப்புக் குறட்டால் அவள் வாயில் ஓங்கி அறைந்தார் அந்தப் பெருமகனார். முன்பல் ஒன்று தெறித்து விழுந்தது. அவள் அழவில்லை, விழுந்த பல்லை முன்றானையில் முடிந்துகொண்டு, ஏடு சொன்னபடியே, அவர் தங்கை கெசியாவின் வீட்டுக்கு நடந்தாள்.

கெசியாவின் கணவர் யாபேஸ் ஆலைக்காரர். மாவு போலவே மென்மையானவர். மைத்துனரைப் பகைக்க அஞ்சினார். ஆறின சோளக்கூழை முன்னால் வைத்துக்கொண்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம், முதலில் வரித்தொல்லை தீரட்டும் என்று இழுத்தார். கெசியா விடவில்லை.

"ஊருக்குத்தான் உபதேசம், எங்க அண்ணனுக்கு இல்ல. பொம்பளைங்க சபையில வாயத் தொறக்கக் கூடாதாம். இல்லேன்னா நானே கேட்டுருவேன். நாளைக்கு நீங்க எழுந்து பேசலேன்னா, நம்ம வீட்டு அடுப்புல பூனைதான் தூங்கும், பாத்துக்கோங்க" என்றாள்.

மறுநாள் அவையில் தோர்ப் ஏட்டை விரித்துப் பிடித்து முழங்கினார். பட்டயத்தை மன்னன் பறிக்கலாம், இந்த ஏட்டைப் பறிக்க முடியாது, இது நம் நெஞ்சில் எழுதப்பட்டது, நாம் உயிரோடிருக்கும்வரை இதற்குச் சாவில்லை என்றார். கிழவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். பிறகு வாக்குக் கலயம் சுற்றிவந்தது. ஒப்புவோர் சோளமணியும் மறுப்போர் அவரைக்கொட்டையும் இடுவது எங்கள் முறை. கலயத்தைக் கவிழ்த்தபோது சோளம் மட்டுமே பொன்னாகக் கொட்டியது. வரிக்கு ஆள் தருவதில்லை என்று ஊர் ஒருமித்து உறுதிகொண்டது.

அந்த ஆரவாரம் அடங்குமுன் யாபேஸ் எழுந்தார். மகளிர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினார்.

"மச்சான், அதே ஏட்டுல ஊழியக்காரங்களப் பத்தி ஒரு இடம் இருக்கு. அதையும் கொஞ்சம் வாசிங்க. உங்க வீட்டுத் தாமார் பல்லு போயி என் வீட்டுல நிக்கிறா."

எல்லாத் தலைகளும் திரும்பின. கதவோரத்தில் தாமார் முடிச்சை அவிழ்த்து, பல்லை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தோர்ப் ஏட்டை மூடினார். சிறிதும் கூசாமல், குரல் கூடக் கம்மாமல், அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"பட்டயம் போனப்பவே இந்த ஏட்டோட சட்டமும் செத்துப் போச்சு, யாபேஸ். செத்த சட்டத்த வச்சு என் ஆள எப்படிப் பிரிப்ப?"

ஐயகோ! ஒரே வாய், ஒரே காலை, ஒரே ஏடு. ஒரு கண்ணுக்கு வெண்ணெய், ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பு. இந்த நேரத்தில் ஊர் இரண்டுபட்டால் ஆளுநனுக்குக் கொண்டாட்டம் என்று பெரியவர்கள் பலர் முணுமுணுத்தனர். அவர்கள் வீடுகளிலும் ஊழியர்கள் இருந்தனர் என்பதை எவரும் முணுமுணுக்கவில்லை. தாமாருக்கு விடுதலை தரலாமா என்று கலயம் மறுபடி சுற்றியது. இம்முறை அவரைக்கொட்டைகளே குவிந்தன. தாமார் தோர்ப்பின் வீட்டுக்கே திரும்ப வேண்டும் என்று முடிவாயிற்று. பல்லை மறுபடி முடிந்துகொண்டு அவள் வெளியேறினாள்.

செய்தி ஆளுநனை எட்டியது. வரி மறுத்த குற்றத்துக்காகத் தோர்ப்பைத் தலைநகர் மன்றத்துக்கு இழுத்தனர். அவையில் அவர் பேசியதற்குச் சான்றாகத் தாமாரையும் அழைத்தனர். கூண்டில் நின்ற தோர்ப் மறுபடியும் ஏட்டைத்தான் தூக்கிப் பிடித்தார். நடுவனோ நகைத்தான். மன்னனின் ஆள் அவன். எங்கள் உரிமைகளை எங்கள் வாயாலேயே புதைக்க வேண்டும் என்பது அவன் விருப்பம். தாமாரை முன்னே அழைத்து, ஏடு செத்துவிட்டதாக அவள் தலைவர் சொன்னது மெய்யா என்று வினவினான்.

"சொன்னாருங்க ஐயா" என்றாள் அவள். தோர்ப்பின் முகம் வெளிறியது.

நடுவன் மகிழ்ந்து, விடுதலை ஓலை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தான். ஏடு செத்தது என்பதை அவளும் ஒப்புக்கொண்டால் அப்பொழுதே கையெழுத்திடுவதாகவும், அன்று மாலையே அவள் விரும்பிய இடம் போகலாம் என்றும் கூறினான். எஞ்சிய மூன்றாண்டும், குறடும், அடுப்பும் ஒரு சொல்லில் தொலையும். வேறு எவராயிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். சொன்னால் நான் குறைகூறவும் மாட்டேன். தாமார் ஓலையை நெடுநேரம் பார்த்தாள்.

"அவரு சொன்னது பொய்யிங்க ஐயா. ஏடு உசுரோடதான் இருக்கு. இருக்கறதாலதான் நீங்க அவர்கிட்ட வரி கேக்கக் கூடாது, அவரு என்னை வச்சிருக்கக் கூடாது. அது செத்துதுன்னு சொல்லிட்டு நான் வெளிய போயிட்டா, நாளைக்கு இன்னொருத்திக்குப் பல்லு போனா அவ எதச் சொல்லி வெளிய வருவா?"

நடுவன் ஓலையை இரண்டாகக் கிழித்தான். தோர்ப்புக்குத் தண்டம் விதித்தான். ஓடிப்போன குற்றத்துக்குத் தாமாரின் ஊழியத்தில் ஓராண்டைக் கூட்டி, தலைவரோடு திரும்புமாறு ஆணையிட்டான்.

மன்றத்து வாயிலில் தோர்ப் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தம் உரிமைக்காக வாய்திறந்தவள் அந்தக் கூடத்தில் அவள் ஒருத்தியே என்பது அவருக்குத் தெரியாமலில்லை. "நல்லாப் பேசின, தாமார்" என்றார். பிறகு, "அந்த மூட்டைய எடு" என்றார்.

இரண்டு குளிர்காலம் கழிந்து ஆளுநன் வீழ்ந்தான். உரிமை காத்த வீரரென்று தோர்ப்பைத் தோளில் தூக்கி ஊர் சுற்றினர். அவர் கல்லறையில் ஏட்டின் ஒரு வரியையும் வெட்டினர். எஞ்சிய நான்காண்டும் உழைத்து முடித்த தாமார் எத்திசை போனாள் என்று எவரும் கேட்கவில்லை. குடியாட்சியின் வித்து எங்கள் அவைமனையில் விழுந்ததென்று இன்று பெருமை பேசுகிறவர்களே, விழுந்தது உண்மைதான். ஆனால் அது முளைத்தது ஏட்டைக் கையில் பிடித்திருந்தவர் நெஞ்சில் அல்ல, கதவோரம் நின்று கேட்டவள் நெஞ்சில்.