பஸ் ஏற்றிவிட்ட அம்மா

1

இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல; உதித்திருந்தால் இன்னும் கொஞ்சம் அலட்டிக்கொள்வேன். திருநர் உரிமைக்காக நாடு முழுவதும் வேலை செய்யும் ஓர் அமைப்பு தன் ஆண்டு மலருக்குக் கதை கேட்டது. "உருக்கமா இருக்கணும் சார். படிச்சா நாலு பேர் கண் கலங்கணும்," என்றார் அதன் தலைவி. அவர் வக்கீல், கண்ணீரை எந்த இடத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்.

உடனே உட்கார்ந்து எழுதினேன்: "அன்று மழை கொட்டியது. அம்மா கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்த சத்தம்..."

(அன்று மழை இல்லை. நான்தான் பெய்ய வைத்தேன்.)

2

கதாநாயகியை அமைப்பில் எல்லோரும் 'நிமிஷம் அக்கா' என்பார்கள். சட்டம் செய்கிறவர்கள் முன்னாலும் அதிகாரிகள் முன்னாலும் பேசப்போகும் திருநங்கைகளுக்கும் திருநம்பிகளுக்கும் பயிற்சி கொடுப்பது அவள் வேலை. அங்கே ஆளுக்கு மூன்று நிமிடம்தான். ஒரு வாழ்க்கையை அதற்குள் திணித்துக் கட்ட வேண்டும்.

"அடி வாங்கினதை முதல்ல சொல்லு. நாய் வளர்க்கிறதெல்லாம் வேண்டாம். சந்தோஷமா இருக்கேன்னு மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லிடாதே. 'அப்புறம் உனக்கு எதுக்கு சட்டம்?'னு கேட்பாங்க."

பட்டறிந்து சொல்வதுதான். முதல் தடவை பேசியபோது, "வீட்டை விட்டு வந்தேன்" என்றாள். எதிரே ஒருவர் கொட்டாவி விட்டார். அடுத்த தடவை, "வர வேண்டியதாகிவிட்டது." ஒருவர் நிமிர்ந்தார். அதற்கடுத்து, "அம்மா என்னைத் துரத்தினாள்." பேனாக்கள் ஓடின. அன்றிலிருந்து அதுவே நிலைத்துவிட்டது.*

* தலைவி இந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

3

இங்கே ஒரு திருப்பம் வேண்டும் என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். திருப்பம் தானே பஸ் பிடித்து வந்தது.

அன்று சட்டக் குழுவின் விசாரணை. ஒருவர் தன் பாலினத்தை மாற்றிப் பதிய மருத்துவர்களின் சான்று வேண்டாம், அவர் சொல்லே போதும் என்று புதிய சட்ட வரைவில் இருக்கும் ஷரத்து நிற்குமா விழுமா என்பது அன்று தெரிந்துவிடும். கடைசியாகப் பேச வேண்டியவள் நிமிஷம். கூடத்துக்கு வெளியே தாழ்வாரத்தில், மடியில் பையோடு அவள் அம்மா உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடத்தில் போனில் பேசிக்கொண்டதோடு சரி. ஒரு தடவைகூட வந்ததில்லை. மகள் பேசிய வீடியோவைப் பக்கத்து வீட்டுக்காரி காட்டிவிட்டாளாம்.

"நான் உன்னைத் துரத்தினேனாடி?"

"மெதுவா பேசும்மா."

"உலகமே கேட்டாச்சு, இனிமே என்ன மெதுவா? பஸ் ஸ்டாண்டுக்குக் கூட வந்தது யாரு? ஓடிப்போய் ஜன்னல் சீட் பிடிச்சு உட்கார வெச்சது யாரு?"

"நீதான். பஸ் கிளம்பும்போது திரும்பி வான்னு சொன்னியா?"

அம்மா பையின் வாரைத் திருகினாள். "வராதேன்னும் சொல்லலையே. அன்னிக்கு உங்கப்பா இருந்த இருப்புக்கு, நீ எங்கேயாவது உசுரோட இருந்தா போதும்னு இருந்துச்சு."

நிமிஷம் அந்த ஜன்னல் சீட்டைச் சுத்தமாக மறந்துபோயிருந்தாள். அம்மா தன்னைக் காப்பாற்றினாளா, தொலைத்துக்கட்டினாளா? இரண்டும்தான் போலிருந்தது. இதை மூன்று நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

தலைவி அவளை ஓரமாக இழுத்தார். "இப்போ போய் மாத்திப் பேசினா, 'முன்ன சொன்னது பொய்யா?'ன்னு குழுவில இருக்கிற அந்த மீசைக்காரர் பிடிச்சுக்குவார். ஷரத்து போயிடும். இன்னும் எத்தனை பேர் டாக்டருங்க முன்னால துணியை அவிழ்த்துட்டு நிக்கணும், யோசி." பிறகு குரலில் சர்க்கரை போட்டுக்கொண்டு, "அம்மா, நீங்க கேன்டீன்ல டீ சாப்பிட்டுட்டு இருங்களேன்."

"டீ குடிக்கவா இவ்வளவு தூரம் வந்தேன்? இவ பேசறதைக் கேட்கத்தான் வந்தேன்."

4

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பழைய கதையையே சொல்கிறாள். ஷரத்து நிற்கிறது, எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். அம்மா தனியாக பஸ் ஏறுகிறாள், ஜன்னல் சீட் பிடித்துக்கொடுக்க ஆளில்லாமல்.

அல்லது உண்மையைச் சொல்கிறாள். மீசைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு... (இதற்கு மேல் எழுதக் கூச்சமாக இருந்தது. அவர் துடைப்பது கண்ணாடியை மட்டும்தான்.)

அல்லது மின்சாரம் போய்விட்டால்? சீ.

எழுதியதையெல்லாம் படித்தபோது எரிச்சல் வந்தது, என் மேல்தான். நானும் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர்தான். அழுகிறவளாக இருந்தால்தான் என் பேனாவும் ஓடுகிறது. நாய் வளர்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறவளுக்கும் அதே உரிமை உண்டு என்று ஒரு கதை எழுத எனக்கு ஏன் தோன்றவில்லை?

5

ஆகவே நான் ஒதுங்கிக்கொள்கிறேன். மைக்கில் பச்சை விளக்கு எரிகிறது. மீசைக்காரர் பேனாவைத் திறந்துவிட்டார். தலைவி கைகளைக் கோத்துக்கொண்டிருக்கிறார். பார்வையாளர் வரிசையில், பையை விடாமல், அம்மா.

"என் அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்துகிறாள் நிமிஷம். அடுத்த சொல்லை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மழையை மட்டும் கொண்டுவராதீர்கள்.

கொஞ்சம் சீக்கிரம். பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்துவிட்டாள்:

"சத்தமா சொல்லுடி, எனக்குக் கேட்கல."