நாப்பத்தி நாலு ஜன்னல்

அவரு கர்ட்டன் தைக்கிற கடை வெச்சிருக்காரு. பன்னெண்டு மிஷின், நீளமா ஒரு வெட்டுற மேஜை, முன்னால கண்ணாடி போட்ட சின்ன ஆபீஸ். கடையை விட அவரோட வாய்தான் ஊருக்குத் தெரியும். சின்னச் சின்னத் தொழில் பண்றவங்க மாசா மாசம் கூடுற கூட்டத்துல ஆளுங்களை எப்படி நடத்தணும், மொதலாளி தன்னைத்தானே எப்படி வளத்துக்கணும்னு இவருதான் பேசுவாரு.

கடையில பில் போடுற அவரோட வீட்டம்மா சொல்வாங்க. "உங்க பேச்சைக் கேட்டா எனக்கே உங்களைக் கட்டிக்கணும்னு ஆசை வருது. வீட்டுக்கு வந்தா தெளிஞ்சிடுது."

அவரு சொல்றதுலயே ஒரு கதைக்குத்தான் கை தட்டல் அதிகம். ஒரு விடுதிக்கு நாப்பத்தி நாலு ஜன்னலுக்குக் கர்ட்டன் ஆர்டர். வெட்டுற அம்மா சீட்டுல இருந்த அளவைத் தப்பாப் பாத்துட்டு மொத்தத்தையும் அரை அடி குட்டையா வெட்டிட்டாங்க. "நான் ஒரு வார்த்தை திட்டல. டீ வாங்கிக் குடுத்தேன். உக்காந்து யோசிச்சு, கீழ கருநீலத்துல ஒரு பார்டர் கொடுக்கலாம்னு சொன்னேன். இன்னைக்கு அந்தப் பார்டருக்காகவே ஆர்டர் வருது. தப்பு பண்ணவங்களைத் தாங்கிப் பிடிக்கிறவன்தாங்க தலைவன்." இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துவாரு. கை தட்டிடுவாங்க.

நடந்தது வேற.

அன்னைக்கு விடுதியில மாட்டிப் பாத்து கீழ வெளிச்சம் தெரிஞ்சதும், நேரா கடைக்கு வந்து குதிச்சாரு. "ஏழரை அடின்னு எழுதிக் குடுத்தேன். ஏழா வெட்டி வெச்சிருக்கீங்க. முகத்துல இருக்கிறது கண்ணா, இல்ல ரெண்டு பொத்தலா?"

பன்னெண்டு மிஷினும் நின்னு போச்சு. வெட்டுற அக்காவை எல்லாரும் கத்திரியக்கான்னுதான் கூப்பிடுவாங்க. "ஏழுன்னுதான் பாத்த ஞாபகம் மொதலாளி"ன்னு மெல்ல சொன்னாங்க. அளவு எழுதின சீட்டு குப்பையோட குப்பையாப் போயிருந்துச்சு. மத்தியானம் சோத்தைத் தொடல. சாயங்காலம் அவங்களே வந்து, கீழ பார்டர் வெச்சுத் தைக்கலாமான்னு கேட்டாங்க.

மூணாம் நாள் இவரு தன்னோட பாக்கெட் நோட்டைப் புரட்டினாரு. இவரு கையெழுத்துலயே ஏழு அடின்னு இருந்துச்சு. அளவெடுத்ததே தப்பு. அதைப் பாத்துதான் சீட்டுலயும் எழுதியிருக்காரு.

நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நெனச்சாரு. மறுநாள் பாத்தா அக்கா கண்ணாடி போட்டுக்கிட்டு வந்தாங்க. கண் டாக்டர், போட்டாலும் சரி, போடாட்டியும் சரின்னு சொன்னாராம். இவங்கதான் கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது? அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுட்டாரு. அடுத்த வாரம் அக்கா கத்திரியை மேஜை மேல வெச்சுட்டு, "எனக்கு மிஷினே போதும், வெட்டுறதுக்கு வேற ஆளைப் பாருங்க"ன்னுட்டாங்க. சரின்னுட்டாரு. சம்பளமும் கொறஞ்சுது.

ஒரு வருஷம் கழிச்சு, கூட்டத்துல பேச வேண்டியவரு வரலன்னு இவரைத் திடீர்னு மேடை ஏத்திட்டாங்க. என்ன பேசுறதுன்னு தெரியாம முழிச்சப்போ அந்தக் கதை வாயில வந்துச்சு. வரும்போதே திருந்தி வந்துச்சு. சொல்லிச் சொல்லி அப்படித்தான் நடந்துச்சோன்னு இவருக்கே ஒரு நம்பிக்கை.

அந்த ஜன்னல் விஷயம் நடந்து ஆறு வருஷம் ஆச்சு. போன மாசம் கத்திரியக்கா வீட்டுக்காரரு மாடிப்படியில விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டாரு. கவனிக்க ஆள் இல்ல. அவங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு பெரிய ஃபர்னிஷிங் ஷோரூம். அங்க வெட்டுற வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க. கெடச்சா மத்தியானம் வீட்டுக்குப் போயி அவருக்குச் சாப்பாடு குடுத்துட்டு வரலாம். மொதலாளிகிட்ட சொல்லிட்டுத்தான் கேக்கப் போனாங்க.

மறுநாள் டீ நேரத்துல ஆபீஸ் கதவைத் தட்டினாங்க.

"ஷோரூம்காரரு இல்லன்னுட்டாரு, மொதலாளி."

"ஏனாம்?"

"அவரும் உங்க கூட்டத்துக்கு வர்றவராம். எந்தக் கடைன்னு கேட்டாரு. சொன்னேன். 'ஓ, நாப்பத்தி நாலு ஜன்னல் அம்மா நீங்கதானா'ன்னு சிரிச்சாரு. துணியெல்லாம் வெலை ஜாஸ்தியாம், பயமா இருக்காம்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னைக்கு நீங்க என்னைத் திட்டவே இல்லையாமே? டீயெல்லாம் வாங்கிக் குடுத்தீங்களாம். குடுத்து வெச்சவங்கம்மா நீங்கன்னாரு"ன்னாங்க.

பில் எழுதிக்கிட்டிருந்த வீட்டம்மா தலையைத் தூக்கல. பேனா மட்டும் நின்னுச்சு.

மேடையில மூணு மணி நேரம் பேசுற மனுஷனுக்கு ரெண்டே வார்த்தைதான் வந்துச்சு. "அக்கா, உக்காருங்க"ன்னாரு.

"நிக்கறேன், சொல்லுங்க."

"தப்பு உங்களோடது இல்ல. நான்தான் ஏழுன்னு எழுதினேன். என் நோட்டுல இருந்துச்சு."

"எப்போ பாத்தீங்க?"

"மூணாம் நாளு."

அவங்க அழல, கத்தல. அப்படி ஏதாவது பண்ணியிருந்தா இவருக்குக் கொஞ்சம் லேசாப் போயிருக்கும். "ஆறு வருஷமா நைட்டு படுத்தா அந்தச் சீட்டுதான் கண்ணுல வரும். ஏழுன்னுதானே பாத்தோம், ஏழுன்னுதானே பாத்தோம்னு"ன்னாங்க.

"அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் உண்மையை ஒத்துக்கறேன் அக்கா. மேடையிலயே."

"வேணாம். அதுக்கும் கை தட்டுவாங்க. தப்பை ஒத்துக்கிட்டாரு பாரு, எப்பேர்ப்பட்ட மனுஷன்னு. திரும்பவும் நான்தான் கதையில வரணுமா? அவருக்குப் போன் போடுங்க. என் எதிர்லயே பேசுங்க."

ஸ்பீக்கர்ல போட்டாரு. ஷோரூம்காரரு எடுத்ததும் இவரு தடதடன்னு சொல்லிட்டாரு, தப்பு என்னோடது, அந்தம்மா சரியாத்தான் வெட்டினாங்கன்னு.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அண்ணே, இந்த மனசு யாருக்கு வரும்? அவங்களுக்கு வேலை கெடைக்கணும்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க பாருங்க. இதைத்தாண்ணே நாங்க உங்ககிட்ட கத்துக்கணும்."

அக்கா இவரையே பாத்துக்கிட்டிருந்தாங்க. பொய்யை அவ்வளவு நல்லாச் சொல்லியிருக்காரு. உண்மை அதுக்குள்ள நுழையவே மாட்டேங்குது.

"இல்ல தம்பி, கேளுங்க. முகத்துல இருக்கிறது கண்ணா, ரெண்டு பொத்தலான்னு கேட்டேன். பன்னெண்டு பேர் முன்னாடி கேட்டேன்."

ஷோரூம்காரரு சிரிக்கிறதை நிறுத்தினாரு.

"அப்போ டீ?"

"வாங்கிக் குடுக்கல. அவங்க அன்னைக்குச் சோறே சாப்பிடல."

"பார்டரு?"

"அவங்க யோசனை. தப்பு என்னோடதுன்னு தெரிஞ்சும் மறைச்சேன். நோட்டுல அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டேன்."

ஷோரூம்காரரு, "நான் என் ஆளுங்களுக்கெல்லாம் உங்க கதையைச் சொல்லியிருக்கேண்ணே"ன்னாரு. கொரல் மாறியிருந்துச்சு. "இப்போ மட்டும் நீங்க சொல்றதை எப்படி நம்பறது?"

நியாயமான கேள்விதானே? நாமளும் ஆளுங்களைப் பத்தி என்னென்னமோ சொல்லிட்டு வந்துடறோம். அது எங்கெங்க போயி அவங்க வழியில நிக்குதுன்னு யாரு பாத்தா?

அக்கா மேஜைகிட்ட வந்து போன் பக்கமாக் குனிஞ்சாங்க. "சார், நான்தான் பேசறேன். யாரு சொல்றதையும் நம்ப வேணாம். உங்க கடையில ஒரு ஜன்னலைக் காட்டுங்க. அளவும் நானே எடுக்கறேன், வெட்டறதும் நானே. தப்பா வந்தா துணிக்கு நான் பொறுப்பு."

"நாளைக்குக் காலையில வாங்கம்மா"ன்னு வெச்சுட்டாரு.

போனாங்க, வெட்டிக் காட்டினாங்க, வேலை கெடச்சுது. மாசக் கடைசியில சொல்லிட்டுப் போக ஆபீஸுக்கு வந்தாங்க. வீட்டம்மா எழுந்து கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. இவரு எழுந்து நின்னு, "அக்கா, என்னை..."ன்னு ஆரம்பிச்சாரு.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு டேப்பை எங்கேருந்து பிடிச்சீங்க?"

"ஜன்னல் சட்டத்துலேருந்து."

"கர்ட்டன் மாட்டுற கம்பி சட்டத்துக்கு அரை அடி மேல இருந்துச்சா?"

"ஆமா."

"ம்." தலையாட்டிக்கிட்டாங்க. "அதான் எனக்குக் கணக்கு ஒதைச்சுக்கிட்டே இருந்துச்சு"ன்னுட்டு, பையை எடுத்துத் தோள்ல மாட்டிக்கிட்டுப் படியெறங்கிப் போயிட்டாங்க.