நின்ற இடத்தில் நிற்பது

பால் கறக்கும் சத்தம் தொழுவத்தில் தொடங்குவதற்கு முன்பே படிச்சவள் எழுந்து ஊசிகளில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் அதுதான். கல்லூரிக்குப் போன நாளில் அண்ணன் கேலியாக வைத்தது, பட்டம் வாங்கி வந்த பிறகும் கேலியாகவே ஒட்டிக்கொண்டது. நூலை நாக்கில் நனைத்து, நுனியை இரண்டு விரலில் தட்டையாக்கி, கோத்து, பஞ்சு அடைத்த திண்டில் நெருக்கமாகக் குத்திவைத்தாள். திண்டு முள்ளம்பன்றி போல நிறைந்துவிட்டது. இதற்கு மேல் இடமில்லை. இந்த ஊசிகளில் இருக்கிற நூல் தீர்ந்த பிறகு என்ன என்பதை அவளும் கேட்டதில்லை, அம்மாவும் சொன்னதில்லை.

அம்மாவுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. முழு இருட்டு இல்லை. ஓரத்தில் நிழல் தெரியும், ஆள் அசைந்தால் தெரியும், நேராகப் பார்க்கிற இடம் மட்டும் புகை மூடியிருக்கும். இதை அம்மா சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. உப்பு டப்பாவின் காதில் ஒரு நாள் நூல் கட்டியிருந்தது. எண்ணெய் காய்ந்ததா என்று தண்ணீரைச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டாள். வெங்காயம் வெட்டும்போது முகத்தை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள், எரிச்சலுக்காக என்றாள். அடுப்படியைச் சுற்றும் ஊர்ப்பூனைகளில் பெரியதன் கழுத்தில் சின்ன மணி ஒன்றைக் கட்டினாள், கோழிக்குஞ்சுகள் உஷாராக இருக்கட்டும் என்று. உண்மையில் பூனையை மிதித்து விழாமல் இருக்க. பழைய துணிகளை அடுக்கிப் போர்வை தைப்பது மட்டும் கெடவில்லை. முந்தைய வரியின் மேல் இடது கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போனால் அடுத்த வரி நேராக வந்துவிடும். நூல் கோக்கத்தான் முடியாது. ஒரு காலை அம்மா ஊசியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, மறுநாள் படிச்சவள் யாரும் எழுமுன் எல்லாவற்றையும் கோத்து வைத்தாள். அம்மா திண்டைத் தடவிப் பார்த்தாள். முதல் ஊசியை உருவித் தைக்கத் தொடங்கினாள். அன்றிலிருந்து அப்படித்தான்.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியும். நகரத்தில் ஒரு பால் நிறுவனத்தின் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. "இத்தனை வருஷம் படிச்சி, பால மோந்து பாக்கப் போறாளாம். அத இங்கயே மோந்திருக்கலாம், பஸ் செலவு மிச்சம்," என்றான் அண்ணன். அப்பா சிரிக்கவில்லை. மாட்டின் முதுகைத் தேய்த்துக்கொண்டே, "உங்கம்மா கையில வீடு நடக்குற வரைக்கும் உன்ன யாரும் பிடிச்சி வைக்கப்போறதில்ல பாப்பா," என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்பின் மறுபக்கம் என்ன என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. அம்மாவின் கை நின்றால் அவள் கை தொடங்க வேண்டும். அடுப்பு, தொழுவம், கோழிக்கூடு, பிறகு அண்ணனுக்கு வரப்போகிறவள் வந்து பொறுப்பேற்கிற வரைக்கும், பிறகு அவளுக்குப் பிரசவம் ஆகிற வரைக்கும், பிறகு ஏதாவது ஒன்று ஆகிற வரைக்கும்.

அம்மா கண்ணை மறைப்பது மகளுக்காகவா, தனக்காகவா? கண் போனது தெரிந்தால் அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து அடுப்படியைப் பிடித்துக்கொள்வாள், அம்மா ஒரு மூலையில் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குத்தான் அம்மா பயப்படுகிறாளோ என்று சில நேரம் படிச்சவளுக்குத் தோன்றும். அப்படியிருந்தால் நல்லது. அப்படியானால், தான் போவது பாவமாகாது. எந்தப் பதிலும் தனக்கு வசதியாக இருக்க வேண்டும் என்று தேடுகிற தன் புத்தியை நினைத்தால் அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் தேடினாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் மதியம் அது நடந்தது.

அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, மகள் கொண்டுபோக வேண்டிய போர்வையின் கடைசிக் கரையைத் தைத்துக்கொண்டிருந்தாள். அடிபிடிக்கும் வாசனை வந்தது. எழும்போது ஊசியைத் திண்டில் குத்தாமல் துணியிலேயே குத்திவிட்டு ஓடினாள். அவள் அப்படிச் செய்பவளே இல்லை. கறியைக் கிளறி இறக்கிவிட்டுத் திரும்பி வந்து போர்வையைத் தடவினாள். கரையைத் தடவினாள். தரையைத் தடவத் தொடங்கியபோது அப்பா சாப்பிட உள்ளே வந்துவிட்டார்.

"என்ன தேடுற?"

அம்மா ஒரு கணம் தயங்கினாள். "ஊசி."

அப்பாவின் முகம் மாறியது. "யாரும் அசையாதீங்க," என்றார்.

அந்த வீட்டில் அது சட்டம். பல வருஷத்துக்கு முன்பு, சினைப்பசு ஒன்று தின்னாமல் குடிக்காமல் முனகி முனகிச் செத்தது. கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தபோது வயிற்றிலிருந்து இதயம் வரைக்கும் வழி போட்டுக்கொண்டு போயிருந்தது ஒரு ஊசி, வைக்கோலோடு உள்ளே போனது. முன்னறைக்குப் பின்னால்தான் வைக்கோல் குவிப்பார்கள், கதவு திறந்தே கிடக்கும், காலில் ஒட்டியோ துணியில் தொற்றியோ எதுவும் அங்கே போய்விடும். அன்றிலிருந்து ஊசி தொலைந்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். தொலைத்தவர் மட்டும் தேட வேண்டும். கிடைக்கிற வரை சோறும் இல்லை, மாட்டுக்குத் தீனியும் இல்லை.

அண்ணன் பின்வாசலில் வைக்கோல் கட்டைத் தலையில் வைத்தபடி மாட்டிக்கொண்டான். "நல்ல நேரம் பாத்தீங்க. இதையாவது இறக்கலாமா?"

"இறக்காத."

"கழுத்து ஒடிஞ்சா ஊசியால தைச்சுக்கலாம்னு விட்டீங்களா?"

படிச்சவள் உள்ளறை வாசலில், மடித்த துணிகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா முழங்காலில் ஊர்ந்தாள். தேடுகிறவள் போலத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினாள். கைதான் தேடியது. ஜன்னலடி, போர்வை, சுவரோரம். பிறகு மரப்பெட்டியின் பக்கம் வந்து, தரையை வட்டமாகத் துழாவி, நிமிர்ந்து, "பெட்டிப் பக்கம் நல்லா பாத்துட்டேன். இங்க இல்ல," என்றாள் தெளிவாக.

ஊசி அங்கேதான் கிடந்தது. பெட்டிக்கு இந்தப் பக்கம், ஜன்னல் வெயில் விழுந்த சிமெண்ட் தரையில், அம்மாவின் சுண்டுவிரலுக்கு ஒரு சாண் தள்ளி, பளபளவென்று. காதில் சிவப்பு நூல் குட்டையாக அறுந்து நின்றது. அப்பாவுக்கும் அண்ணனுக்கும் பெட்டி மறைத்தது. இவளுக்கு மட்டும் தெரிந்தது. பட்டப்பகலில், குழந்தை கூட எடுத்துவிடுகிற இடத்தில்.

"நானே பாக்குறேன்," என்று அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். அதே நேரத்தில் அண்ணன் தலையிலிருந்து கட்டு சரிந்து, அவன் திட்டிக்கொண்டே பிடிக்க, அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். படிச்சவள் யோசிக்கவில்லை. இரண்டு எட்டில் பெட்டியருகே போய் வெறுங்காலை ஊசியின் மேல் வைத்தாள். கட்டைவிரலுக்குக் கீழே, சதைப்பற்றில், சாய்வாக ஏறியது. வலி தாமதமாக வந்தது. வந்த பிறகு தொடை வரைக்கும் வந்தது.

"நீ ஏன் நகர்ந்த?"

"துணி கனக்குதுப்பா. பெட்டி மேல வைக்கிறேன்."

அவர் தரையைக் குனிந்து பார்த்தபடி வந்தார். அவள் பாதத்தின் அருகே வரைக்கும் பார்த்தார். பிறகு அடுப்படி வாசலில் குனிந்து எதையோ எடுத்தார். சிவப்பு நூல், நீளமாக, மென்று கூழாக்கியது, எச்சில் ஈரம் இன்னும் காயாமல். அதற்கு அந்தப் பக்கம் மணி கட்டிய பூனை உட்கார்ந்து வாயை நக்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேஸ்திரி என்று பெயர். அம்மா சமைக்கும்போது திட்டின் மேல் உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரத்தையும் மேற்பார்வை பார்க்கும், வேலை ஒன்றும் செய்யாது என்பதால் வந்த பெயர்.

"முழுங்கிடுச்சு," என்றார் அப்பா.

"ரெண்டு நாள்ல அதுவே சாகும்," என்றான் அண்ணன். "அது எங்க போய்ச் சாகும்? வைக்கோல்லதான் போய்ப் படுக்கும்."

"முழுங்கலைன்னா?" என்று கேட்டார் அப்பா.

"முழுங்கலைன்னா ஊசி வைக்கோல்ல இருக்குனு அர்த்தம். குவியல் மொத்தத்தையும் கொளுத்தணும். அப்புறம் மாட்டுக்கு நம்ம படிச்சவளோட சர்டிபிகேட்டத்தான் போடணும்."

அப்பா கொஞ்ச நேரம் நூலையே பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை அவர். மழை இல்லாத வருஷத்தில், எரிக்கிற வைக்கோலுக்குப் பதில் வாங்க எங்கும் வைக்கோல் இல்லை. "வயித்தப் பாத்துடு," என்றார்.

"அண்ணா, வேணாம்," என்றாள் படிச்சவள்.

அண்ணன் கட்டை இறக்கிவிட்டு, பூனையைப் பிடரியில் தூக்கினான். அது பழக்கப்பட்ட பூனை, தொங்கிக்கொண்டு போனது. அவன் நின்று அவளைப் பார்த்தான். "அப்போ ஊசி எங்கடீ? சொல்லு. தெரிஞ்சா சொல்லு."

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான். அவனுக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை, யாராவது தடுத்தால் தேவலை என்பது அவன் முகத்தில் இருந்தது. காலைத் தூக்கினால் போதும். பேசக்கூட வேண்டாம். பெட்டிப் பக்கம் நல்லா பாத்துட்டேன் என்று அம்மா சொன்ன வார்த்தை இன்னும் அறையில் நின்றது. அம்மா முழங்காலில் இருந்தபடி, மணிச்சத்தம் போகிற திசையில் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

படிச்சவள் உடம்பின் பாரத்தை அந்தக் காலுக்கு மாற்றினாள். ஊசி இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. "எனக்கெப்படித் தெரியும்," என்றாள்.

மணி தொழுவத்துக்குப் பின்னால் போய் நின்றது. அப்பாவும் பின்னாலேயே போனார்.

அறையில் கறி வாசனை. அம்மா தரையைத் தொட்டுக்கொண்டே ஊர்ந்து வந்து, மகளின் கணுக்காலைப் பிடித்தாள்.

"தூக்கு."

"என்னம்மா?"

"அசையக்கூடாதப்போ நீ ஓடி வந்து கால வச்ச. எனக்குக் காதுமா போச்சு? தூக்குடி."

அவள் பெட்டியில் உட்கார்ந்து காலைத் தூக்கினாள். அம்மா பாதத்தை மடியில் வைத்து விரலால் துழாவி, நூல் குட்டையைப் பிடித்து, ஏறின அதே சாய்வில் ஊசியை வெளியே இழுத்தாள். இரத்தம் சூடாக வழிந்தது. போர்வைக்கு மிச்சமான துணியில் ஒன்றை எடுத்து அழுத்திக் கட்டினாள். கைகள் பிசகவில்லை.

"இப்போ போய்ச் சொல்லிடலாம்மா. கிடைச்சிடுச்சுனு. ஓடிப் போனா..."

"ஓட முடியுமா உன்னால?"

"நீ கூப்பிடு. கத்தும்மா."

அம்மா வாயைத் திறந்தாள். திறந்தபடியே இருந்தாள். பின்பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது, சின்னதாக, பூனை கத்துகிற மாதிரி கூட இல்லை. அம்மா வாயை மூடிக்கொண்டாள். ஊசியை ஜன்னல் திரையின் கரையில் குத்தினாள், துணியைத் தடவித் தடவி, நல்ல இடமாகப் பார்த்து.

"தரையத் துடைச்சிடு. அவங்க வர்றதுக்குள்ள."

"அம்மா."

"துடைடி."

படிச்சவளுக்கு அம்மாவை அறைய வேண்டும் போலிருந்தது. அந்த மடியில் தலையைப் போட்டுக் கதற வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல், மடித்து வைத்திருந்த தன் உடுப்புகளில் ஒன்றால் தரையைத் துடைத்து, இரத்தம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, பைக்குள் திணித்தாள்.

அண்ணன் கை கழுவிக்கொண்டு வந்தான். "வயித்துல ஒண்ணுமில்ல," என்றான் யாரையும் பார்க்காமல். மணியைக் கழுவிக் கொண்டுவந்திருந்தான். ஜன்னல் விளிம்பில் வைத்தான். மரத்தில் அது வைக்கப்பட்ட சத்தத்துக்கு அம்மாவின் தோள் மட்டும் லேசாக அசைந்தது.

"திரையில குத்தியிருக்கு," என்றாள் அம்மா. "அடுப்புக்கு ஓடுறப்போ குத்தியிருக்கேன் போல. இப்பத்தான் பாத்தேன்."

அப்பா திரையருகே போய் ஊசியை எடுத்துப் பார்த்தார். அதை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார். "முன்னாடியே பாத்திருக்கக் கூடாதா," என்றார் கடைசியில். கோபமாக இல்லை, களைப்பாக. "சோத்தப் போடு."

அம்மா பரிமாறினாள். கறி நன்றாக இருந்தது, ஒரு துளி கூட அடிபிடிக்கவில்லை. அண்ணன் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டான், மென்று முடிக்கிற வரை கண்ணை மூடிக்கொண்டு. படிச்சவளும் சாப்பிட்டாள். சாப்பிடாமல் இருந்தால் கேட்பார்கள்.

மறுநாள் காலையில் பாதம் வீங்கி, செருப்புக்குள் நுழையவில்லை. கல் குத்திவிட்டது என்றாள். ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கட்டுமாக, போர்வை மூட்டையோடு, பஸ் வந்து நிற்கும் வேலிக் கதவை ஒட்டி நின்றாள். அண்ணன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்பா வாசலில் கன்றை முளையில் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா அடுப்படியில் வழிக்கு ஏதோ கட்டிக்கொண்டிருந்தாள், வருகிறேன் வருகிறேன் என்று குரல் மட்டும் வந்தது.

பால் வண்டி வழக்கம்போல வந்தது. கேன்களை ஏற்றிக்கொண்டு, உறுமிக்கொண்டு, மண்பாதையில் திரும்பியது. அந்தச் சத்தத்துக்கு அம்மா பதறி வெளியே ஓடி வந்தாள், ஒரு கையில் சோற்றுப் பொட்டலம்.

"ஏய், நில்லுங்க... சோறு... சரி போ, பரவால்ல. போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி," என்று வண்டியைப் பார்த்துச் சொன்னாள். கையை உயர்த்தி ஆட்டினாள். பால்காரர் ஒன்றும் புரியாமல் பதிலுக்குக் கையாட்டிவிட்டுப் போனார்.

படிச்சவள் அம்மாவுக்குப் பத்தடி தூரத்தில், வெயிலில், நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அசையவில்லை. முளைக்கயிற்றைப் பிடித்தபடி குனிந்திருந்த அப்பா மெதுவாக நிமிர்ந்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். அது ஆடிக்கொண்டிருந்த திசையைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார், அவள் முகத்தை, பிறகு துணி சுற்றிய பாதத்தை.

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. தூசு அடங்கிக்கொண்டிருந்த வெற்றுப் பாதையை நோக்கி அம்மா இன்னும் சிரித்துக்கொண்டு கையாட்டினாள். கன்று அப்பாவின் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடியது. அவர் அதைப் பிடிக்கவில்லை.